எங்கள் நிலம்: அபெனாக்கியர் வரலாறும் மொழியும்

1605ஆம் ஆண்டு. இன்று அமெரிக்க ஒன்றிய நாடுகளுள் மேய்ன் மாநிலம் எனப்படும் பகுதியின் கடற்கரையில் ஜார்ஜ் வேமத் என்னும் ஆங்கிலேயரின் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. கரைவாழ் மக்கள் விலங்குத் தோல்களைக் கொண்டுவந்து கத்தியும் கண்ணாடியும் பெற்றுச் சென்றனர். சில நாள் பழகியபின், அவர்களுள் ஐவரைப் பிடித்துக் கப்பலில் அடைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார் வேமத். உடன் சென்ற ஜேம்ஸ் ரோசியர் என்பார் அப்பயணத்தைப் பற்றிக் குறிப்பெழுதினார். அக்குறிப்போடு ஒரு சொற்பட்டியலும் சேர்ந்தது. கதிரவன், மழை, மீன், வில் என எளிய பொருள்களின் பெயர்கள் கொண்ட அத்தகைய பட்டியல்களின் வழியாகத்தான் அம்மக்களின் மொழி முதன்முதலாக ஐரோப்பியர் தாளில் ஏறியது. மக்கள் கவரப்பட்டனர், அவர்களோடு சொற்களும் கவரப்பட்டன.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1621ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பிளிமத் என்னுமிடத்தில் குடியேறிக் குளிராலும் நோயாலும் பாதிப்பேரைப் பறிகொடுத்திருந்த ஆங்கிலேயர் நடுவே ஒருவர் தனியே நடந்து வந்தார். 'வருக' என்று அவர்கள் மொழியிலேயே வரவேற்றார். அவர் பெயர் சமோசெட். மேய்ன் கரையைச் சேர்ந்த கிழக்கு அபெனாக்கித் தலைவர். மீன்பிடிக்க வந்த ஆங்கிலேயரிடம் அவர்தம் மொழியைச் சிறிது கற்றவர். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த காட்சி இது. வரவேற்றவர் எந்த மக்களைச் சார்ந்தவர் என்பதை அவர்களுள் பலர் அறியார்.

அபெனாக்கி என்பது 'வோபனாக்கி' என்னும் சொல்லின் திரிபு. 'வோபன்' என்றால் விடியல். 'அக்கி' என்றால் நிலம். விடியல் நிலத்தார் என்பது பொருள். கண்டத்தின் கிழக்கோரத்தில், ஞாயிறு முதலில் தோன்றும் கரையில் வாழ்ந்தமையால் வந்த பெயர். தம்மைக் குறிக்க அவர்கள் வழங்கும் மற்றொரு சொல் 'அல்னோபாக்', மாந்தர் என்னும் பொருளது. மேற்கே சாம்ப்ளேன் ஏரியிலிருந்து கிழக்கே அட்லாண்டிக் கடல் வரையிலும், வடக்கே புனித லாரன்சு ஆற்றுக்கு அருகிலும் பரந்திருந்தது அவர்கள் வாழிடம். இன்றைய வெர்மான்ட், நியூ ஹாம்ப்சயர், மேய்ன் ஆகிய மாநிலங்களும் கனடாவின் கியூபெக் மாநிலத்துத் தென்பகுதியும் அதனுள் அடங்கும். மிக்மாக், மாலிசீட், பசமகுவாடி, பெனாப்ஸ்கட் ஆகிய உறவு இனங்களோடு சேர்ந்து வாபனாக்கிக் கூட்டமைப்பாகவும் அவர்கள் இயங்கினர்.

அந்நிலத்திற்கு அவர்கள் இட்ட பெயர்தான் இக்கட்டுரைக்குத் தலைப்பு. 'ந்தக்கின்னா' என்பது அப்பெயர். 'அக்கி' என்னும் நிலப்பெயரின் முன்னும் பின்னும் தன்மைப் பன்மை உருபுகள் சேர்ந்து ஆகியது. ஆங்கில நூல்கள் இதற்குத் தரும் பொருளைத் தமிழாக்கினால் 'நம் நிலம்' என்றும் ஆகலாம், 'எங்கள் நிலம்' என்றும் ஆகலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான். அபெனாக்கி மொழியில் அவ்வாறு இல்லை. கேட்பவரையும் உளப்படுத்தும் 'நாம்' அங்கே 'கியோனா'. கேட்பவரை விலக்கும் 'நாங்கள்' அங்கே 'நியோனா'. உளப்படுத்திச் சொன்னால் நிலம் 'க்தக்கின்னா'; விலக்கிச் சொன்னால் 'ந்தக்கின்னா'. வெளியாரிடம் தம் நாட்டின் பெயரைக் கூறும்போது அவர்கள் கூறியது இரண்டாவதையே. தமிழறிந்தவருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. 'எங்கள் வீடு' என்று விருந்தினரிடம் சொல்வதற்கும் 'நம் வீடு' என்று சொல்வதற்கும் உள்ள தொலைவைத் தமிழ்க் குழந்தையும் அறியும். இதனைக் கண்ட அளவில் கடல் கடந்த இனத்தொடர்பு கற்பிக்க முற்படுவோர் நம்மிடையே உண்டு. அதற்கு இங்கு இடமில்லை. அபெனாக்கி, அல்கோன்கியன் என்னும் பெருங்குடும்பத்தின் கிழக்குக் கிளையைச் சேர்ந்த மொழி. உலகின் வெவ்வேறு மூலைகளில் ஒன்றையொன்று அறியாத மொழிகள் பல இந்த நுட்பத்தைத் தாமே கண்டுகொண்டுள்ளன. ஆயினும் ஐரோப்பியர் செவிக்கு எட்டாத ஒன்று தமிழர் செவிக்கு எட்டுகிறது என்பது உண்மை. அபெனாக்கியர் வரலாற்றைத் தமிழில் எழுதுவதற்கு அதனினும் நல்ல காரணம் வேண்டுவதில்லை.

மொழியைப் பற்றி இன்னும் சில கூறலாம். பெயர்ச்சொற்களை உயிருள்ளவை, உயிரற்றவை என அபெனாக்கி இரண்டாகப் பகுக்கிறது. உயர்திணை, அஃறிணைப் பகுப்போடு இதனை ஒப்பிடலாம். ஆனால் எல்லைக்கோடு வேறிடத்தில் விழுகிறது. தமிழில் மாந்தரும் தேவரும் நரகரும் ஒருபுறம் நிற்க, மானும் மரமும் மறுபுறம் போகும். அங்கே மானும் மரமும் மாந்தரோடு ஒருபுறம் நிற்கின்றன. 'அபாசி' என்பது மரம். உயிர்ப்பன்மை ஏற்று 'அபாசியாக்' ஆகும். அம்மரத்தைப் பிளந்து முடைந்த கூடை 'அபாஸ்னோடா'. அது உயிரில்பன்மை ஏற்று 'அபாஸ்னோடால்' ஆகும். மரம் கூடையாகும் இடத்தில் இலக்கணம் ஓர் உயிர் நீங்கியதைக் குறித்துக்கொள்கிறது.

வினையின் அமைப்பு இன்னும் வியப்பானது. 'யான் உன்னைக் காண்கிறேன்' என்பதற்கு 'க்னமிஹோல்'. 'நீ என்னைக் காண்கிறாய்' என்பதற்கு 'க்னமிஹி'. இரண்டிலும் முதலில் நிற்கும் ககரம் முன்னிலையைக் குறிப்பது. காண்பவர் யானாயினும் நீயாயினும், ஒரு வினையில் இருவரும் வந்தால் கேட்பவருக்கே முதலிடம். 'யார் எவரை' என்பதை ஈறு சொல்லும். தன்மையை முன்னிறுத்திப் பாடும் கவிஞர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கத்தக்க இலக்கணம் இது.

திங்கட்பெயர்களும் தொழிலைக் கொண்டே அமைந்தவை. விதைக்கும் திங்கள் 'கிக்காஸ்', சோளம் விளைவது 'ஸ்கமோன்காஸ்', இலையுதிர்வது 'பெனிபாகோஸ்', பனிக்காலத்தைச் சமைப்பது 'பெபோன்காஸ்'. ஆற்றோர வண்டல்களில் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விதைத்து, இளவேனிலில் அருவி வீழ்ச்சிகளில் மீன்பிடித்து, மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சி வெல்லம் எடுத்து, மாரியில் குடும்பம் குடும்பமாகப் பிரிந்து காட்டுக்குள் வேட்டைக்குச் சென்ற வாழ்க்கை அது. பூர்ச்ச மரப்பட்டையால் அவர்கள் செய்த ஓடம் ஒருவர் தோளில் சுமக்குமளவு இலேசானது. ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றிற்கு நிலத்தின் மீது தூக்கிச் செல்வர். ஆறுகளே சாலைகள். ஆகையால் இடப்பெயர்கள் பெரும்பாலும் நீரைப் பற்றியவை. கனெக்டிகட் ஆறு அவர்களுக்கு 'க்வெனிதெகு', நெடிய ஆறு. சாம்ப்ளேன் ஏரி 'பிதாபாகோக்', இடைப்பட்ட நீர். அபெனாக்கியருக்கும் மேற்குக்கரை மோஹாக்கியருக்கும் இடையில் கிடந்தது.

அந்த ஏரியைப் பற்றி ஒரு தொன்மம் உண்டு. ஒட்சிஹோசோ என்பவர் எவராலும் படைக்கப்படாதவர். தூசியிலிருந்து தம்மைத் தாமே உருவாக்கிக்கொண்டவர். தலையும் கையும் உடலும் முதலில் தோன்றின. கால்கள் வருமுன்னே எழ முயன்றார். அவர் உடலை இழுத்துச் சென்ற தடங்கள் பள்ளத்தாக்குகளும் ஆறுகளும் ஆயின. கையால் குவித்த மண் மலைகளாயிற்று. இறுதியாக ஏரியை உருவாக்கினார். தம் படைப்புகளுள் அதுவே சிறந்ததெனக் கண்டு, அதனை என்றும் பார்த்துக்கொண்டிருக்க விரும்பி, அதன் நடுவே கல்லாய் அமர்ந்துவிட்டார். பர்லிங்டன் நகரத்துக்கு எதிரே நீரில் நிற்கும் சிறு பாறைதான் அவர். அவ்வழியே ஓடத்தில் சென்றோர் அவருக்குப் புகையிலை படைத்துச் சென்றனர். நிலத்தைப் படைத்தபின் அதனை விட்டு நீங்க மனமில்லாது அங்கேயே தங்கிவிட்ட படைப்பாளர் அவர்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். 'அவிக்கிகன்' என்பது முதலில் பூர்ச்சப் பட்டையில் கீறிய படத்தையும் வழிகாட்டும் வரைவையும் குறித்தது. முன்சென்றவர் பின்வருவோருக்காக மரத்தருகே விட்டுச்சென்ற செய்தி அது. ஐரோப்பியரின் கடிதமும் புத்தகமும் வந்தபோது புதுச்சொல் தேவைப்படவில்லை. அவையும் அவிக்கிகனே ஆயின. எழுது என்னும் தமிழ் வினையும் பழைய நூல்களில் ஓவியம் தீட்டுதலைக் குறித்தமை இங்கு நினைக்கத்தக்கது. இனி வரும் வரலாறு இந்த அவிக்கிகனைப் பற்றியதே: யார் எழுதியது, யார் கையில் இருந்தது, அதில் என்ன இருந்தது என்பதைப் பற்றியது.

1616 முதல் 1619 வரை கடற்கரையைச் சூறையாடிய கொள்ளைநோய், 1630களின் பெரியம்மை, 1675இல் தெற்கே மூண்ட பெரும்போர் ஆகியவற்றால் ஊர்கள் காலியாயின. எஞ்சியோர் வடக்கே நகர்ந்தனர். புனித பிரான்சிசு ஆற்றங்கரையில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதியில், ஒடனாக் என்னும் ஊர் எழுந்தது. 'ஒடனா' என்றால் ஊர். ஒடனாக் என்றால் ஊரில். பெயரே அவ்வளவுதான், ஊரிழந்தோருக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த அடுத்தடுத்த போர்களில் அபெனாக்கியர் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றனர். அவர்கள் பாதிக்கப்பட்டோர் மட்டுமல்லர், தாக்கியோருமாவர். 1704இல் டீர்ஃபீல்டு என்னும் ஆங்கிலேய ஊரின் மீது பனிக்கால இரவில் பிரெஞ்சுக்காரரோடும் மோஹாக்கியரோடும் சேர்ந்து சென்று, நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சிறைபிடித்து வந்தனர். ஆங்கிலேய ஆட்சியோ அபெனாக்கியரின் தலைத்தோலுக்கு விலை குறித்து அறிவிப்பு வெளியிட்டது.

இக்காலத்து நிகழ்ச்சிகளுள் ஒரு மறுப்புரை தனித்துப் பேசத்தக்கது. 1720களின் போர் முடிந்து காஸ்கோ விரிகுடாவில் உடன்படிக்கை எழுதப்பட்டது. பெனாப்ஸ்கட் மக்களின் சார்பில் பேசியவர் லோரோன் சகுவாரப். தாம் பேசியதாக ஆங்கிலத் தாளில் எழுதப்பட்டிருந்தது தாம் பேசியதன்று என்பதை அவர் பின்னர் அறிந்தார். 1727இல் அதனை மறுத்து ஓர் அறிக்கை தந்தார். அது பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டு எஞ்சியுள்ளது. ஆங்கிலேயரின் அரசரை அரசர் என்று ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோது ஒப்புக்கொண்டது உண்மை. அவரை உங்கள் அரசராக ஒப்புக்கொண்டேனேயன்றி, என் அரசராகவோ எம்மக்களின் அரசராகவோ ஒப்புக்கொள்ளவில்லை என்பது அவ்வறிக்கையின் சாரம். போரைத் தாம் தொடங்கியதாக ஒப்புக்கொண்டதாகவும் நிலத்தைத் தந்துவிட்டதாகவும் இருந்த வாசகங்களையும் அவர் மறுத்தார். 'உங்கள்', 'எங்கள்', 'நம்' ஆகிய மூன்றையும் கூர்மையாகப் பிரித்தறியும் மொழியில் சிந்தித்த ஒருவர், அப்பிரிவைப் பொருட்படுத்தாத மொழியில் கையொப்பமிட நேர்ந்தது. மொழிபெயர்ப்பாளரின் பிழையா, எழுதியோரின் சூதா என்பதை இன்று ஆராய்ந்து பயனில்லை, சூதாகவே தோன்றுகிறது.

நாரிஜ்வாக் என்னும் ஊரின் கதை இதற்குச் சிறிது முற்பட்டது. கென்னபெக் ஆற்றங்கரையில் இருந்த அவ்வூரில் செபாஸ்தியான் ரால் என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி நெடுங்காலம் வாழ்ந்தார். 1691இல், மக்களோடு ஓராண்டு தங்கிய பின், அவர்கள் சொற்களை அகராதியாகத் தொகுக்கத் தொடங்கினார். முப்பதாண்டு உழைப்பு அது. 1722இன் தொடக்கத்தில் அவரைப் பிடிக்க வந்த மாசசூசெட்சுப் படை, அவர் தப்பிவிடவே, அவருடைய பேழையையும் கையெழுத்துப் படிகளையும் எடுத்துச் சென்றது. அகராதியும் போயிற்று. 1724 ஆகஸ்டில் மீண்டும் வந்த படை ஊரை எரித்தது. ராலும் ஊரார் பலரும் கொல்லப்பட்டனர். கவர்ந்து செல்லப்பட்ட அகராதி ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1833இல் ஜான் பிக்கரிங் அதனைப் பதிப்பித்தார். மொழிநூலாருக்கு அது ஒரு கருவூலம். அக்காலத்தில் ரகரமாக ஒலித்தது பின்னர் லகரமாக மாறியமை அதனால் தெரிகிறது: நாயைக் குறிக்கும் சொல் ராலின் ஏட்டில் 'அரெமுஸ்', பிற்காலத்தில் 'அலெமோஸ்'. பியேர் 'பியால்' ஆனதும், மரி 'மாலி' ஆனதும், லோரான் 'லோலோ' ஆனதும் இந்த மாற்றத்தின் பின்விளைவுகள். அந்த ஏட்டின் சொற்களைப் பேசிய ஊர் எரிந்துபோயிற்று. ஏடு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஒடனாக்கும் எரிந்தது. 1759 அக்டோபர் 4ஆம் நாள் விடியற்காலையில் ராபர்ட் ராஜர்ஸ் தலைமையில் வந்த படை அவ்வூரைத் தீயிட்டது. இருநூறு பேரைக் கொன்றதாக ராஜர்ஸ் எழுதினார். இறந்தோர் முப்பதின்மர், அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் என்கின்றன பிரெஞ்சு ஆவணங்கள். இவ்விரு கணக்குகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இருநூறு ஆண்டுக்காலம் வரலாற்றாசிரியர்கள் தற்பெருமை என்று கூறி விட்டுவிட்டனர். விடை ஒடனாக் குடும்பங்களின் நாவில் இருந்தது. மொழி ஆய்வாளர் கார்டன் டே அவ்வூரில் பல ஆண்டுகள் பழகியபின் எல்வைன் ஒபோம்சாவின் ராய்ஸ் என்னும் மூதாட்டி, தம் குடும்பத்து முதிய பெண்களிடம் கேட்டதை அவருக்குச் சொன்னார். தாக்குதலுக்கு முந்தைய இரவு ஊர்மன்றத்தில் ஆடல் நடந்துகொண்டிருந்தது. காற்று வாங்க வெளியே வந்த ஒரு பெண்ணை இருளில் ஒருவர் அழைத்தார். அஞ்சாதே, நண்பன்தான் என்றார். பகைவர் காட்டுக்குள் காத்திருக்கின்றனர், ஊராரிடம் சொல் என்றார். அவர் பேச்சு சிறிது வேறுபட்டிருந்தது. பெண் சொன்னதைச் சிலர் நம்பினர், சிலர் நம்பவில்லை. நம்பியவர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பள்ளத்தில் ஒளிந்தனர். நம்பாதவரே மாண்டனர். எச்சரித்தவர் ராஜர்ஸ் படையிலேயே இருந்த உறவினத்து வீரர் ஒருவராதல் வேண்டும் என்பது டேயின் கருத்து. ராஜர்ஸின் குறிப்பேட்டில் அப்பெண் இல்லை. இருளில் அழைத்தவரும் இல்லை. எழுதாக் கிளவியை வரலாற்றுச் சான்றாக ஏற்பதற்குத் தயங்குவோர் இந்நிகழ்ச்சியைக் கருத வேண்டும். ஒரு குடும்பத்துப் பெண்கள் இருநூறாண்டு காத்துவந்த கதை, படைத்தலைவரின் ஏட்டினும் பிரெஞ்சுக் கணக்கோடு நன்கு பொருந்துகிறது.

அத்தாக்குதலில் பிடித்துச் செல்லப்பட்டோருள் ஒடனாக்கின் தலைவர் ஒருவருடைய மனைவியும் மக்களும் இருந்தனர். மனைவி உயிரோடு திரும்பவில்லை. அத்தலைவர் பெயர் ஜோசப் லூயி கில். இவருடைய தந்தையும் தாயும் ஆங்கிலேயர். இளமையில் நியூ இங்கிலாந்திலிருந்து சிறைபிடிக்கப்பட்டு வந்து, ஊரால் மகவேற்கப்பட்டு வளர்ந்து, ஒருவரையொருவர் மணந்தவர்கள். குருதியால் நோக்கின் இவரிடம் அபெனாக்கி ஒரு துளியும் இல்லை. ஆயினும் அபெனாக்கி மொழியில் வளர்ந்தார், அப்பெண்ணையே மணந்தார், அவ்வூர் அவரைத் தலைவராக ஏற்றது. 'நியோனா' என்று அவர் சொன்னபோது அதில் அவரும் அடங்கினார் என்பதில் ஊராருக்கு ஐயமில்லை. இவரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வது நல்லது; இக்கட்டுரையின் இறுதிப் பகுதிக்கு இவர் தேவைப்படுவார்.

1763க்குப் பின் பிரெஞ்சு ஆட்சி மறைந்தது. ஆங்கிலேயக் குடியேறிகள் சாம்ப்ளேன் ஏரிக்கரை வரை வந்தனர். 1765இல் மிசிஸ்குவாய் அபெனாக்கியர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பாருக்குத் தம் நிலத்தின் ஒரு பகுதியை 91 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டனர். ஆண்டுக்கு 14 ஸ்பானிய வெள்ளி, சிறிது சோளம், சிறிது மது, அத்தோடு அவர்கள் சோளம் விதைப்பதற்கு வேண்டிய நிலத்தை உழுது தருதல் என்பன கட்டளைகள். நிலம் தங்களுடையது, தாங்கள் அங்கேயே இருக்கிறோம், ஆண்டுதோறும் விதைப்போம் என்பவை அத்தாளின் ஒவ்வொரு வரியிலும் தொனிக்கின்றன. சில பதின்ம ஆண்டுகளுக்குள் வெர்மான்ட் தன்னாட்சி பெற்று நிலத்தைத் துண்டாடி விற்றது. குத்தகைக் காலம் முடியும்போது கேட்பார் இல்லை.

19ஆம் நூற்றாண்டில்தான் அவிக்கிகன் அபெனாக்கியர் கைக்கு மீண்டது. பியால் போல் உசோக்கிலைன் என்பவர் ஒடனாக்கைச் சேர்ந்தவர். நியூ ஹாம்ப்சயரின் ஹானோவரில் டார்ட்மத் கல்லூரியோடு இணைந்திருந்த பள்ளியில் பயின்று, ஊருக்குத் திரும்பி ஆசிரியரானார். கத்தோலிக்க ஊரில் சீர்திருத்தக் கிறித்தவத்தைப் போதித்ததனால் அவர்க்கு இன்னல்கள் பல. 1830இல் பாஸ்டனில் அவர் அச்சிட்ட எழுத்தறி நூல் முழுவதும் அபெனாக்கி மொழியிலேயே அமைந்தது. சொற்களைக் கவர்ந்து சென்ற நகரின் அச்சகத்தில், அம்மொழிக்குரிய ஒருவரே, தம்மவர் பிள்ளைகள் படிப்பதற்காகச் செய்த நூல்!

அடுத்தவர் சோசாப் லோலோ. ஆவணங்களில் ஜோசப் லாரன்ட். ஒடனாக்கின் தலைவராக இருந்தவர். 1884இல் கியூபெக்கில் அவர் வெளியிட்ட அபெனாக்கி ஆங்கில உரையாடல் நூல் இன்றும் மாணாக்கர் கையில் இருக்கிறது. அபெனாக்கி இளைஞர் ஆங்கிலம் கற்பதற்கு உதவுவதே தம் முதல் நோக்கம் என்று அவர் முன்னுரையில் கூறினார். இலக்கண நூல் இன்மையால் தம் மொழி மெல்ல மெல்லத் திரிந்துவருவதைத் தடுத்தலும் நோக்கம் என்றார். முதல் நோக்கம் எளிதில் நிறைவேறியது. அது நிறைவேறியதே இரண்டாவதற்கு இடையூறாயிற்று. நூலின் இறுதியில் ஆறு, ஏரி, மலை, ஊர்களின் பெயர்களுக்கு அவர் பொருள் விளக்கம் எழுதியுள்ளார். அந்நிலத்தில் வாழும் ஆங்கிலேயர், தாம் நாள்தோறும் சொல்லும் பெயர்களின் பொருளை அங்கேதான் தேட வேண்டும்.

அதே ஆண்டில் அவர் குடும்பத்தோடு நியூ ஹாம்ப்சயர் மலைப்பகுதியின் இன்டர்வேல் என்னும் ஊருக்கு வந்து கோடைக்காலக் குடில்களை அமைத்தார். மலை காண வந்த செல்வர்களுக்குக் கூடை விற்றனர். ஆஷ் மரத்தைத் தட்டிப் பிரித்த மெல்லிய பட்டைகளால், நறுமணப் புல்லை ஊடே சேர்த்து முடைந்த கூடைகள் அவை. பாட்டனார் நிலத்தில் விருந்தாளியரின் விருந்தாளியாக வந்து அமர்ந்து விற்க வேண்டியிருந்தது. அவர் மகன் ஸ்டீபன் லாரன்ட் அங்கேயே வாழ்ந்து, ஒடனாக்கில் பணியாற்றிய ஓபேரி என்னும் துறவி 1715இல் எழுதிய பிரெஞ்சு அபெனாக்கி அகராதியை ஆங்கிலத்தில் ஆக்கினார். 1995இல் அது வெளிவந்தது. எழுதப்பட்ட 280 ஆண்டுகளுக்குப் பின், அந்த ஏடு அம்மக்களுள் ஒருவர் கையால் அச்சேறியது. ஹென்றி லார்ன் மாஸ்டா 1932இல் எழுதிய கதைகளும் இலக்கணமும் கொண்ட நூலும், கார்டன் டேயின் மேற்கு அபெனாக்கி அகராதியும் உடன்வைத்து எண்ணத்தக்கவை. டேயின் அகராதி அவர் மறைந்த பின்னரே வெளிவந்தது.

மொழி அதற்குள் மெலிந்துவிட்டது. கிழக்குப் பிரிவாகிய பெனாப்ஸ்கட் மொழியின் கடைசிப் பேச்சாளர் 1993இல் மறைந்தார். மேற்கு அபெனாக்கியைத் தாய்மொழியாகப் பேசிய முதியோர் ஒவ்வொருவராக மறைய, ஒடனாக்கைச் சேர்ந்த செசில் வாவனோலெட் தம் முதுமையில் கியூபெக்கிலும் வெர்மான்டிலும் வகுப்பு நடத்தினார். 2020இல் வெர்மான்டின் மிடில்பரிக் கல்லூரி தன் புகழ்பெற்ற கோடைக்கால மொழிப் பள்ளிகளோடு அபெனாக்கிக்கும் ஒரு பள்ளியைச் சேர்த்தது. ஒடனாக்கில் வளர்ந்த அலானிஸ் ஒபோம்சாவின் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் பல்லாண்டு பணியாற்றி, 2006இல் தம் மக்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதன் பெயரிலும் விடியல் நிலமே இருக்கிறது.

வெர்மான்டில் இன்று நடக்கும் வழக்கு கசப்பானது. எனினும் தவிர்க்க முடியாதது. நெடுங்காலம் அம்மாநிலம், தன் எல்லைக்குள் அபெனாக்கியர் இல்லை என்றே கூறிவந்தது. 1970களில் சில குடும்பங்கள் தாம் அபெனாக்கியரே என்று வெளிப்பட்டன. உரிமச் சீட்டின்றி மீன்பிடித்துப் போராடின. 1992இல் மாநில உச்ச நீதிமன்றம், அந்நிலத்தின் மீது அபெனாக்கியருக்கு ஆதியுரிமை எதுவாயினும் அது வரலாற்றின் கூடிக்கொண்டே சென்ற சுமையால் அற்றுப்போயிற்று என்று தீர்ப்பளித்தது. விற்கவில்லை, கொடுக்கவில்லை, போரில் தோற்று எழுதித் தரவில்லை. வரலாறு கனத்தது, உரிமை நசுங்கியது! 2007இல் மைய அரசு மிசிஸ்குவாய்க் குழுவின் ஏற்பு விண்ணப்பத்தை மறுத்தது. உறுப்பினருள் மிகச் சிலரே பழைய அபெனாக்கி மரபைச் சான்றோடு காட்டினர் என்றது. ஆயினும் 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் வெர்மான்ட் நான்கு குழுக்களை அபெனாக்கி இனங்களாகத் தன்னளவில் ஏற்றது.

ஒடனாக்கும் அதன் உறவூராகிய வோலினாக்கும் இதனை எதிர்க்கின்றன. அக்குழுவினருள் பெரும்பாலோர் பிரெஞ்சுக் கனடிய வழியினர், அபெனாக்கியர் அல்லர் என்பது அவர்கள் கூற்று. 2022இல் வெர்மான்ட் பல்கலைக்கழக மேடையிலேயே அதனைக் கூறினர். வெர்மான்ட் குழுவினரோ, அச்சத்தால் தம் முன்னோர் அடையாளத்தை மறைத்து வாழ்ந்தனர் என்கின்றனர். 1925 முதல் 1936 வரை வெர்மான்ட் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் ஹென்றி பெர்கின்ஸ் நடத்திய இனமேம்பாட்டு ஆய்வையும், 1931ஆம் ஆண்டுக் கருத்தடைச் சட்டத்தையும் சான்றாகக் காட்டுகின்றனர். அக்கொடுமை உண்மை, 2021இல் மாநிலச் சட்டமன்றம் அதற்காக மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்த ஆய்வு அபெனாக்கியரை அபெனாக்கியர் என்பதற்காகவே குறிவைத்ததா என்பதில் வரலாற்றாசிரியர் உடன்படவில்லை.

இங்கேதான் ஜோசப் லூயி கில் தேவைப்படுகிறார். குருதி அளவை கொண்டு இனத்தை வரையறுப்பது தவறு என்போர் அவரை மேற்கோளாகக் காட்டலாம். அபெனாக்கிக் குருதியின்றியே அவர் தலைவரானார் அன்றோ என்று வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் கில் தம்மைத் தாமே அபெனாக்கியர் என்று அறிவித்துக்கொண்டவர் அல்லர். அவர் பெற்றோரை ஊர் எடுத்துக்கொண்டது. அவரை ஊர் வளர்த்தது. ஊர் அவரைத் தலைவர் என்றது. 'நியோனா'வுக்குள் வரும் வாயில் உள்ளிருந்து திறந்தது. ஒடனாக் இன்று கேட்பதும் அதுவே: எங்களுள் ஒருவர் என்று எவரையேனும் சொல்ல வேண்டுமாயின் அதனைச் சொல்ல வேண்டியவர் நாங்கள், வெர்மான்ட் சட்டமன்றம் அன்று. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு ஒடனாக்கிற்குத் தெற்கே வரையப்பட்டமைக்கு ஒடனாக் பொறுப்பன்று; கோட்டுக்குத் தெற்கிலுள்ள நிலத்தையும் அவர்கள் ந்தக்கின்னா என்றே அழைக்கின்றனர்.

வெர்மான்ட் குழுக்களும் அந்த நிலத்தை அதே சொல்லால்தான் அழைக்கின்றன.